திறந்த அடுக்கா, பூட்டிய பீரோவா?

ஒரு புத்தகத்தின் மீது புகார் எழுந்ததும் கல்லூரி நூலகர்களுக்கு வரும் குழப்பம் இது: அடுக்கிலேயே விடுவதா, பீரோவில் பூட்டிக் கேட்பவருக்கு மட்டும் கொடுப்பதா?

கைக்கு எட்டுவது: அடுக்கில் இருந்தால், வேறெதையோ தேடி வந்த மாணவி கையிலும் அது சிக்கும். பீரோவில் இருந்தால், பெயர் தெரிந்தவர் மட்டுமே கேட்பார். அவரும், பின்னால் பேராசிரியர் நிற்கும்போது தலைப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் சொல்வார்கள்?

பாதுகாப்பு: அடுக்கில் பக்கம் கிழியும், புத்தகமே காணாமலும் போகும். இதில் பீரோதான் மேல்.

செலவு: அடுக்குக்கு எப்போதாவது ஒரு மாற்றுப் பிரதி. பீரோவுக்குச் சாவி வைத்திருக்கும் ஆள். அவர் விடுப்பில் போனால் புத்தகத்துக்கும் விடுப்பு.

புகாரைச் சமாளிப்பது: பீரோ அன்றைய தலைவலியைத் தீர்க்கும். ஆனால் பூட்டியதையே ஒப்புதலாகக் காட்டி, பூட்ட வேண்டிய நூல்களின் பட்டியல் அடுத்து வரும். அடுக்கில் விட்டால் பதில் சொல்ல வேண்டும்; பதிலும் இருக்கிறது. பிடிக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள், படித்தே தீர வேண்டுமென்ற கட்டாயமில்லை என்று பெருமாள் முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் வழக்கில் 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான்.

அரிய பதிப்பு, உதிரும் தாள் என்றால் பீரோ. சர்ச்சை மட்டுமே காரணமென்றால் அடுக்கு, கூடவே எழுத்தில் ஒரு நூல்தேர்வுக் கொள்கை. அரசாணையால் பறிமுதலுக்குரியதாக அறிவிக்கப்பட்ட நூல் வேறு கதை. அந்த ஆணை செல்லுமா என்று முடிவு செய்யும் இடம் நீதிமன்றம்.