ஆழ்பனியில் வீட்டுப்பாதை: நான்கு சக்கர இயக்கமா, சங்கிலியா, குளிர்கால டயரா?

எங்கள் வீடு சாலையிலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. பாதி தூரம் சமதளம். மீதி, சாலையை நோக்கிச் சரியும் இறக்கம். முதல் மூன்று பனிக்காலங்களை எல்லாப் பருவ டயர் பூட்டிய நான்கு சக்கர இயக்க வண்டியில் கழித்தேன். நான்காவதில் முன்சக்கர இயக்கக் காருக்கு மாறி, டயரைச் சுற்றிப் பூட்டும் பனிச் சங்கிலியை நம்பிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அதே காருக்கு நான்கு குளிர்கால டயர்களைத் தனி ரிம்களில் வாங்கிப் பூட்டினேன். இன்றுவரை அதை மாற்றத் தோன்றவில்லை. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

நான்கு சக்கர இயக்கத்தின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே: நின்ற இடத்திலிருந்து கிளம்பும், மேடேறும். அத்தகைய வண்டிகள் பெரும்பாலும் உயரமாகவும் இருப்பதால், பனி வண்டியின் அடிவயிற்றைத் தொட நேரமாகும். சாதாரணக் காருக்குத் தரையிலிருந்து 14 சென்டிமீட்டர் அளவில் இடைவெளி இருந்தால், அவற்றுக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். இந்த வேறுபாடு சிறியதல்ல. அடிவயிறு பனிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் சக்கரங்களின் மேல் பாரம் குறைந்துவிடும். அதன்பின் எத்தனை சக்கரங்கள் சுழன்றாலும் பயனில்லை.

ஆனால் வீட்டுப்பாதையின் உண்மையான சோதனை பாதையில் இல்லை, அது சாலையைத் தொடும் வாய்ப்பகுதியில் இருக்கிறது. சாலையில் பனி தள்ளும் வண்டி போகும்போதெல்லாம் ஒதுக்கிய பனியை நம் பாதையின் வாயில் வரப்புப்போலக் குவித்துவிட்டுப் போகிறது. அந்த வரப்பு புதுப்பனிபோல மெத்தென்று இருக்காது. கட்டிகட்டியாக, ஈரமேறி, இரவுக்குள் இறுகிவிடும். இறக்கத்தில் வந்து, வரப்பின்முன் நின்று, இருபுறமும் பார்த்து, பிறகு அதைக் கடந்து, பனி அகற்றிய தார்ச்சாலையில் ஏற வேண்டும். ஆக, நாம் தேர்ந்தெடுப்பது எதுவானாலும் அது ஆழ்பனியில் நகர வேண்டும், இறக்கத்தில் நிற்க வேண்டும், அடுத்த நிமிடமே வெறுஞ்சாலையிலும் ஒழுங்காக ஓட வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் என் முடிவு மாறியது.

மூன்றாம் பனிக்காலத்தில் ஒரு காலை, வரப்புக்கு 15 மீட்டர் முன்னதாகவே பிரேக்கை மிதித்தேன். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்ததில் மிதி காலடியில் தடதடவென்று அதிர்ந்தது. வண்டி மட்டும் நிதானமாக வழுக்கி, வரப்பை உடைத்துக்கொண்டு சாலையின் பாதிவரை போய் நின்றது. அந்த நேரத்தில் எதிரே வண்டி வராதது தற்செயல். பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் அதில் எதையும் கூட்டுவதில்லை. நிறுத்துவது ரப்பர். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க இறங்க மற்ற டயர்களின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறைகிறது. குளிர்கால டயரின் ரப்பர் நெகிழ்வாகவே இருக்கிறது. அதன் பட்டன்களில், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளில், வெட்டியிருக்கும் மெல்லிய கீறல்கள் பனியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பனியோடு பனி ஒட்டும் என்பதால் அதுவே பிடிமானமாகிறது.

சங்கிலியின் பிடி இவை இரண்டையும் விஞ்சியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இறுகிய பனியில் அது நகத்தால் கீறிப் பிடிப்பதுபோல ஏறும். ஆனால் அது பனிக்கு மட்டுமே உரியது. பொதுவாக மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வெறும் தாரில் ஓட்டினால் சங்கிலியும் டயரும் சேர்ந்தே கெடும். எனவே 200 மீட்டருக்காகப் பூட்டி, வாயில் இறங்கிக் கழற்ற வேண்டும். மாலையில் மறுபடி பூட்ட வேண்டும். பனியில் முழங்காலிட்டு, சக்கரத்தின் பின்புறக் கொக்கியைக் கண்ணால் பார்க்க முடியாமல் விரலால் தேடி மாட்டுவதற்குக் கையுறையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சிறிது தூரம் ஓட்டியபின் இறங்கி மீண்டும் இறுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் எனக்கு மனம் விட்டுப்போயிற்று. சில கார்களில் சங்கிலி பூட்ட இடமே போதாது என்பதால் கையேட்டைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். முள் பதித்த டயரை நான் சில நாட்களே ஓட்டியிருக்கிறேன். பனிக்கட்டியில் அது சிறந்தது என்பதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

பராமரிப்பிலும் குளிர்கால டயர் பயமுறுத்துவதுபோல இல்லை. குளிர்காலத்துக்கு ஒன்று, மற்ற மாதங்களுக்கு ஒன்று என இரண்டு டயர்த் தொகுதிகள் மாறிமாறி ஓடுவதால் ஒவ்வொன்றும் அதிகக் காலம் உழைக்கிறது. பட்டனின் ஆழம் 4 மில்லிமீட்டராகக் குறைந்ததும் பனியில் அதை நம்பக் கூடாது, அவ்வளவுதான். நான்கு சக்கர இயக்கத்தில், ஒரு டயர் கெட்டாலும் மற்றவற்றோடு தேய்மானம் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகச் சில வேளைகளில் நான்கையுமே மாற்ற நேர்கிறது.

பனி அடிவயிற்றின் உயரத்தைத் தாண்டும் நாட்களில் என் தேர்வும் கைகொடுக்காது. சிக்கிக்கொண்டால் சக்கரத்தைச் சுழலவிடாமல் உடனே நிறுத்துங்கள். சுழலச் சுழல அடியிலுள்ள பனி கண்ணாடியாகிவிடும். மண்வாரியால் முதலில் புகைக்குழாயைச் சுற்றித் தோண்டுங்கள். அது அடைபட்ட நிலையில் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். பெரும்பனி வரும் என்று முன்னறிவிப்பு இருந்தால் முந்தைய மாலையே காரை வாயருகே, முகம் சாலையை நோக்கி இருக்கும்படி, பனி தள்ளும் வண்டிக்கு இடைஞ்சலில்லாமல் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வருகிறேன். காலையில் தோண்ட வேண்டியது 200 மீட்டர் அல்ல, அந்த ஒரு வரப்பு மட்டுமே.