ஃபோம் கழுத்துப் பட்டை: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது?

எண்ணூர் விரைவுச் சாலையில் பின்னால் வந்த வண்டி காரை இடித்துவிட்டால், கழுத்து வலிக்குப் பலரும் முதலில் வாங்குவது இதைத்தான். மெத்தென்று இருக்கிறது, வெல்க்ரோ பிடரியில் நன்றாக ஒட்டுகிறது. துணி உறையைக் கழற்றித் துவைக்க முடிகிற பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். நம்ம ஊர் வேர்வைக்கு இல்லையென்றால் அரிப்புதான்.

அளவு ரொம்ப முக்கியம். கழுத்துச் சுற்றளவு போதாது, தாடையிலிருந்து நெஞ்செலும்பின் மேல்குழி வரை உயரத்தையும் அளக்க வேண்டும். உயரம் கூடினால் தாடை தூக்கி, கழுத்து பின்னால் வளைந்து, வலி ஏறும்.

இது கழுத்தை அசையாமல் பிடிக்காது. இப்படி இடிபட்ட கழுத்துக் காயத்துக்கு 1995இல் கனடாவின் கியூபெக் மாகாண நிபுணர் குழு வகுத்த 0 முதல் 4 வரையான தீவிர நிலைகளில், கை மரத்தல், பலவீனம் 3. எலும்பு முறிவு 4. அங்கே இந்தப் பட்டையை நம்பவே கூடாது. தலையை அசைக்காமல் 108ஐ அழையுங்கள். வலி மறுநாள்கூடத் தொடங்கலாம்.

வலி, விறைப்பு மட்டும் என்று மருத்துவர் உறுதிசெய்தால் இரண்டு மூன்று நாள் போதும். பிறகு கழற்றிவிட்டு, விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை இருபுறமும் மெல்லத் திருப்புங்கள். வாரக்கணக்கில் மாட்டியிருந்தால் தசை தளர்ந்து விறைப்பு நீடிக்கும்.