தேத்தண்ணி மேசையில் ஆர் நிற்கினம்? இடமறி அட்டை, பதினெட்டு மாதப் பாவனைக்குப் பிறகு

கிளிநொச்சியில் இரண்டு மாடி அலுவலகம். ஆட்களில் பாதி வெளிக்களம்: காலையில் பூநகரி, பின்னேரம் ஒட்டுசுட்டான். மேல்மாடித் திட்டப் பகுதியும் கீழ்மாடிக் கணக்குப் பகுதியும் மின்னஞ்சலில் மட்டும் பேசிக்கொள்ளும் இடம். தேத்தண்ணி மேசையிலாவது இவர்கள் சந்திக்கட்டும் என்று செய்த ஏற்பாடு இதுதான்: அடையாள அட்டையோடு தொங்கி இடைவிடாமல் சமிக்ஞை விடும் புளூடூத் வில்லை, அதைக் கேட்கும் ஐந்து ஈஎஸ்பி32 பலகைகள் (வைபையும் புளூடூத்தும் உள்ள சின்னக் கணினிப் பலகைகள்), தேத்தண்ணி மேசைக்கு மேலே சின்னத் திரை. "வெளிக்களத்தார் இருவர் இங்கே" என்று திரையில் வரும்.

முதல் மூன்று மாதம் பெயரும் வந்தது. அட்டைகள் லாச்சிக்குள்ளேயே கிடந்தன. பெயரை எடுத்து, எண்ணிக்கையையும் பகுதியையும் மட்டும் விட்ட பிறகுதான் கழுத்துக்கு ஏறின. 1990களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜின் ஒலிவெட்டி ஆய்வுகூடத்தில் அகச்சிவப்பு அட்டை 15 செக்கனுக்கு ஒருமுறை ஆளை அறிவித்தது. அங்கே தொலைபேசி அழைப்பை ஆள் இருக்கும் அறைக்குத் திருப்ப வேண்டும். பெயர் இல்லாமல் சரிவராது. பிளேன்ரீக்குப் பெயர் எதற்கு?

மீற்றர் கணக்கில் துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம். திறந்த வெளியிலேயே தூரம் இரட்டித்தால் சமிக்ஞை 6 டெசிபெல்தான் குறையும்; ஆள் முதுகைத் திருப்பினால் அதைவிடக் கூடவே குறைந்துவிடும், உடம்பிலுள்ள நீர் 2.4 கிகாஹேர்ட்ஸை உறிஞ்சுவதால். அறை மட்டத்தோடு நிறுத்துங்கள். 10 செக்கன் சமிக்ஞை அளவீடுகளின் இடைநிலையை எடுத்து, -70 டிபிஎம் (சமிக்ஞை வலு அலகு) தாண்டினால் "உள்ளே", -80 க்குக் கீழே போனால் "வெளியே" என்று இரண்டு எல்லை வைத்தால் வாசலில் நிற்பவர் உள்ளேயும் வெளியேயும் குதிக்கமாட்டார். பலகையை இரும்பு அலுமாரிக்குப் பின்னால் வைத்தால் பாதி அட்டை கேட்காது. சுவரில் இரண்டு மீற்றர் உயரம் நல்லது.

ஈஎஸ்பி32 இல் வைபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே அன்ரெனா. பலகை தரவை அடிக்கடி அனுப்பினால் அந்த நேரத்து அட்டைச் சமிக்ஞைகள் தவறும். சேர்த்துவைத்து 5 செக்கனுக்கு ஒருமுறை அனுப்புவது போதும். வில்லையில் சீஆர்2032 பற்றரி, ஏறக்குறைய 220 மில்லியம்பியர் மணி. 100 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை சமிக்ஞை விட்டால் சில மாதத்தில் தீர்ந்துவிடும். ஒரு செக்கனாக்கினால் வருடம் தாண்டுகிறது.

அதிகம் உயிரை வாங்கியது கரண்ட் வெட்டு. கரண்ட் வந்ததும் பலகை உடனே எழும்பிவிடும், றவுற்றர் எழும்ப ஒன்றிரண்டு நிமிடம். மூன்று தரம் தேடிவிட்டுக் கைவிடும் நிரலென்றால் பலகை அன்று முழுவதும் ஊமை. விடாமல் தேடவிடுங்கள். கடிகாரம் சரியாகும் முன் அனுப்பினால் பதிவெல்லாம் 1970 சனவரி 1 என்று விழும். பதிவுகளைச் சேர்க்கும் கணினி (வழங்கி) அவற்றை நிராகரிக்க வேண்டும். மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் மறந்த அட்டை நாள் முழுவதும் "இங்கே" என்று காட்டும். அசைவுணரி உள்ள வில்லைக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருந்தால் இது வீண்செலவு. ஆட்கள் வேறு வேறு இடத்திலென்றால் ஒன்றை முன்கூட்டியே எழுத்தில் முடியுங்கள்: வரவுப் பதிவுக்கு இது போகாது. அந்தக் கேள்வி ஆறாம் மாதமளவில் நிச்சயம் வரும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோக்கத்துக்கு மேல் தரவைப் பாவிப்பதைக் கட்டுப்படுத்துகிறது. இங்கே பதிவுகள் ஒவ்வொரு நாளும் இரவு 8 மணிக்கு அழிகின்றன. கேட்டாலும் கொடுக்க எதுவும் இராது.