பால் பைத்தான் சட்டைப் பரிசோதனை: எதற்கு அனுப்பலாம், எதற்கு வேண்டாம்

வீட்டில் வளர்க்கும் சிறு மலைப்பாம்பான பால் பைத்தான் உரித்துப் போட்ட சட்டையில் ஒரு துண்டை அனுப்பினால் போதும். அதிலிருந்து டிஎன்ஏ எடுத்து, எந்த மார்ஃப் (நிறம், கோல வகை) மரபணு இருக்கிறது என்று ஆய்வகம் சொல்லிவிடும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, பாம்புக்குத் துளி தொந்தரவும் இல்லை. அருமையான சேவை, ஆனால் கேள்வி சரியாக இருக்க வேண்டும். "இது என்ன மார்ஃப்?" என்று கேட்டு அனுப்பினால் பெரும்பாலும் பணம் வீண். "இது பைட் ஹெட்டா?" என்று, அதாவது பைபால்ட் மரபணுவில் ஒரு பிரதியை மறைவாகச் சுமக்கிறதா என்று கேட்டால் இதைவிட நல்ல வழி கிடையாது.

பைபால்ட் (சுருக்கமாகப் பைட்), அல்பினோ, க்ளவுன் எல்லாம் ஒடுங்கு மரபணுக்கள்; இரண்டு பிரதி சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒரே ஒரு பிரதியைச் சுமக்கும் பாம்பை ஹெட் என்கிறோம். பார்வைக்கு அது சாதாரணப் பாம்புதான். இரண்டு ஹெட் சேர்ந்து பிறந்த சாதாரணக் குட்டிகளை "66 சதவீத ஹெட்" என்று விற்பார்கள். அதாவது மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, அவ்வளவுதான். இனப்பெருக்கம் செய்து நிரூபிக்கலாம் என்றால், பெண் பாம்பு 1,500 கிராம் எடையை எட்டவே ஆண்டுக்கணக்காகும். அதன் பிறகும், ஹெட்டும் ஹெட்டும் சேர்ந்த ஆறு முட்டைகளும் சாதாரணமாகவே பொரிய ஏறக்குறைய 18 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படிப் பொரிந்தால் ஒன்றும் நிரூபணமாகாது. வால் பக்க அடிவயிற்றில் இரண்டு கருங்கோடுகள் ஓடினால் பைட் ஹெட் என்பது பழைய நம்பிக்கை. அந்தக் கோடு இல்லாத ஹெட்டும் உண்டு, ஹெட் அல்லாமலே கோடு உள்ளதும் உண்டு. இந்த இடத்தில் சட்டைப் பரிசோதனைக்குத் தயங்காமல் முழு மதிப்பெண்.

வெள்ளைப் பாம்புகளுக்கும் அப்படித்தான். முதலில் கண்ணைப் பாருங்கள். கருங்கண் வெள்ளை என்றால் பெரும்பாலும் ஃபயர் மரபணு இரண்டு பிரதி. நீலக்கண் என்றால் மோஜாவே, லெஸ்ஸர், பட்டர் குடும்பத்தில் ஏதோ இரண்டு சேர்ந்திருக்கிறது. தலையில் சாம்பல் படர்ந்திருந்தால் இரண்டும் மோஜாவே என்று ஊகிக்கலாம். ஆனால் அந்த வெள்ளைக்கு அடியில் பாஸ்டல் மரபணு இருக்கிறதா, க்ளவுன் ஹெட் இருக்கிறதா என்பதை எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது.

அல்பினோ பரிசோதனை வாங்கும் முன், அது எந்தெந்த மாற்றங்களைத் தேடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2022-இல் வெளியான ஆய்வு, அல்பினோவுக்குக் காரணம் டிஒய்ஆர் மரபணு என்றும், லாவெண்டர் அல்பினோவுக்குக் காரணம் ஓசிஏ2 என்றும் காட்டியது. அதனால்தான் இந்த இரண்டையும் சேர்த்தால் குட்டிகள் சாதாரணமாகப் பிறக்கின்றன. டிஒய்ஆர் கெடுவதும் ஒரே விதத்தில் அல்ல. பல மாற்றங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் தேடும் பரிசோதனை, மற்றொன்றைச் சுமக்கும் பாம்பையும் "இல்லை" என்று அனுப்பிவிடும். அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று வந்தால், தேடிய மாற்றம் இல்லை என்பது மட்டுமே பொருள்.

ஸ்பைடர், பின்ஸ்ட்ரைப், பனானா ஆகிய மார்ஃப்களுக்குப் பொதுவாக அனுப்பவே வேண்டாம், கண்ணே போதும். ஸ்பைடர் தலையை ஆட்டித் தடுமாறுவது பழக்கமோ குறும்போ அல்ல. உள்காது பிறவியிலேயே கோணலாக அமைவதோடு தொடர்புடையது. வாங்க நினைப்பவர் இதை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். எல்லோ பெல்லிக்கு அடிவயிற்றைத் திருப்பிப் பாருங்கள்: நடுவில் சுத்தமாகவும், ஓரங்களில் கட்டம் போன்ற புள்ளிகளோடும் இருக்கும், விலாவில் தீக்கொழுந்து போல் வெளுப்பு ஏறும். ஆனால் கிராவல், ஆஸ்ஃபால்ட், ஸ்பெக்டர் ஆகியவையும் கிட்டத்தட்ட இதே சாயல். அவற்றைப் பிரித்துச் சொல்லும் பரிசோதனைக்குத் தனி மதிப்பு. வயதான பாஸ்டல் பழுப்பேறிப் போவதால், அதையும் அனுப்புவதில் தவறில்லை.

படத்தை வைத்து முடிவு செய்வதானால் சட்டை உரித்த சில நாள்களுக்குள், நிழலான பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுங்கள். சட்டை உரிக்கும் முன் கண் நீலம் பூத்திருக்கும் நாள்களில் எடுத்த படத்தில் நிறமே பொய். முதுகில் ஒற்றைக் கோடு ஓடினால் உடனே புது மார்ஃப் என்று துள்ள வேண்டாம். அடைகாக்கும்போது வெப்பம் தவறினாலும் அப்படிக் குட்டி வரும், அது அடுத்த தலைமுறைக்குப் போகாது.

பரிசோதனை தோற்பது பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல, நம் கையில்தான். ஈரச் சட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்துவிடும். நன்றாக உலர்த்தி, எச்சம் படாத உடல் பகுதியில் ஐந்து சென்டிமீட்டர் துண்டு வெட்டுங்கள். ஒரு பாம்புக்கு ஒரு உறை. அடுத்த பாம்பின் சட்டையைத் தொடும் முன் கையையும் கத்தரியையும் கழுவுங்கள். பல பெட்டிகளின் சட்டைகளை ஒரே மேசையில் குவித்தால் முடிவும் கலந்துதான் வரும். மீதிச் சட்டையைத் தூக்கி எறியாமல், பாம்பின் அடையாளமும் தேதியும் எழுதிக் காகித உறையில் வையுங்கள். புதிதாக ஒரு மரபணுவுக்குப் பரிசோதனை வரும்போது அடுத்த சட்டைக்காகக் காத்திருக்க வேண்டியிராது.