டெர்பினாஃபின் 1% கிரீம்: படர்தாமரைக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

படர்தாமரைக்குக் கடையில் கிடைக்கும் கிரீம்களில் முதலில் எடுக்க வேண்டியது டெர்பினாஃபின் 1% தான். இன்னொரு பூஞ்சை மருந்தான குளோட்ரிமசோல் பூஞ்சையின் வளர்ச்சியைப் பெரும்பாலும் நிறுத்தி வைக்கும். டெர்பினாஃபின் பூஞ்சையையே கொல்லும். அதனால்தான் குளோட்ரிமசோலை 4 வாரம் வரை தடவ வேண்டிய இடத்தில் இதை 1 முதல் 2 வாரம் தடவினால் பொதுவாகப் போதும்.

ஆனால் வந்திருப்பது படர்தாமரைதானா என்று முதலில் பார்க்க வேண்டும். படர்தாமரை வட்டத்தின் விளிம்பு சற்றுத் தடித்துச் செதிலோடு வெளிப்பக்கம் பரவும். நடுப்பகுதி தெளிந்துகொண்டே வரும். அரிப்பு இருக்கும். மார்பிலும் முதுகிலும் வெளிறியோ பழுப்பாகவோ இருந்து, சுரண்டினால் மாவு போல உதிர்ந்தால் அது தேமல். அதற்குக் கீட்டோகோனசோல் 2% ஷாம்புவைத் தடவி 5 நிமிடம் விட்டுக் கழுவுவது எளிது. தினம் ஒரு முறை, அதிகபட்சம் 5 நாள். பூஞ்சை போன பிறகும் நிறம் திரும்ப மாதங்கள் ஆகும், பயப்பட வேண்டாம். மார்புக்கு அடியிலோ அக்குளிலோ ஈரமாகச் சிவந்து, சுற்றிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் தெறித்திருந்தால் அது கேண்டிடா என்ற வேறு வகைப் பூஞ்சை. அங்கே குளோட்ரிமசோலே மேல்.

தடவும் முறையில்தான் பலருக்கும் சறுக்குகிறது. கழுவித் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே தடவ வேண்டும். விளிம்புக்கு வெளியே 2 செ.மீ. நல்ல தோலிலிருந்து தொடங்கி உள்நோக்கி வாருங்கள்; பூஞ்சை வேகமாக வளர்வது விளிம்பில்தான், நடுவில் அல்ல. ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குக் காணும். மெல்லிய பூச்சு போதும், அப்பிவிடக் கூடாது. அரிப்பு நின்ற அன்றே டியூபை மூடி வைப்பதுதான் திரும்பத் திரும்ப வருவதற்கு முக்கியக் காரணம். உறையில் சொன்ன நாள் முழுக்கத் தடவுங்கள்.

வாங்கும்போது உறையின் சிறிய எழுத்துகளைக் கட்டாயம் படியுங்கள். பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும், ஆன்டிபயாட்டிக்கும் கலந்த கிரீம்கள் உண்டு. ஓரிரு நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்குவதால் நல்ல மருந்து என்றே தோன்றும். உண்மையில் தோலின் எதிர்ப்பு அடங்கியிருக்கிறது, பூஞ்சை அடங்கவில்லை. வட்டத்தின் வடிவம் கலைந்து, மருத்துவருக்கே சட்டென்று பிடிபடாமல் போகும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து விழும் வரித்தழும்பு பிறகு மறையாது. மருத்துவர் எழுதித் தராமல் இவற்றைத் தொடவே கூடாது.

டெர்பினாஃபின் கிரீமுக்கும் எல்லை உண்டு. தலையில் முடி உதிர்ந்து வட்டம் விழுந்தாலோ, நகம் தடித்து மஞ்சளானாலோ கிரீம் உள்ளே போய்ச் சேராது, மாத்திரைதான் வழி. இந்த மருந்துக்கு மசியாத ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்ற பூஞ்சை வகையும் இப்போது பரவுகிறது. 2 வாரம் ஒழுங்காகத் தடவியும் வட்டம் பெரிதானால் இன்னொரு டியூப் வாங்க வேண்டாம். தோல் மருத்துவர் விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கட்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கேட்டுவிட்டே தடவ வேண்டும்.

கிரீம் மட்டும் தடவி மற்றதை விட்டால் பலனில்லை. துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து நன்றாகக் காய வையுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரித்தால் அவர்களுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். முடி கொட்டும் பூனைக்குட்டியையும் கவனியுங்கள், அதனிடமிருந்தும் படர்தாமரை ஒட்டும். தொடை இடுக்கில் வந்தவர்கள் கால்விரல் இடுக்கையும் பாருங்கள். அங்கே தோல் வெளுத்து உரிந்திருந்தால் இரண்டு இடத்துக்கும் தடவ வேண்டும், உடுத்தும்போது சாக்ஸை முதலில் போட்டுவிட்டுப் பிறகு உள்ளாடை போட வேண்டும். இல்லையென்றால் பாதத்துப் பூஞ்சை துணியோடு மேலே ஏறும்.