சாவ் பிரயா ஆற்றில் பஃபே கப்பல்: சாப்பாட்டுக்காகப் போகாதீர்கள்

பாங்காக்கில் ஐகான்சயாம் படகுத்துறையில் ஏறி, ராமா 8 பாலம் வரை போய்த் திரும்பினோம், இரண்டு மணி நேரம். சாப்பாடு சுமார்தான். இறால் தட்டு வைத்த ஐந்தாவது நிமிடம் காலி, பேட் தாய் நூடுல்ஸ் ஆறிப்போய் ஒரே கட்டியாக வருகிறது, சைவம் கேட்டால் சிப்பி சாஸ் ஊற்றிய கீரையைக் காட்டுகிறார்கள் (முன்பதிவு செய்யும்போதே ‘ஜே’ என்று சொல்லிவிடுங்கள், முட்டைகூட இல்லாத சைவத்துக்கு அங்கே அதுதான் பெயர்).

ஆனால் வாட் அருண் கோயில் வந்ததும் நானே தட்டை வைத்துவிட்டு எழுந்து ஓடினேன். பகலில் பார்த்த அந்தப் பீங்கான் துண்டுப் பூக்கள் எதுவும் தெரியாது, கோபுரம் மொத்தமும் விளக்கொளியில் பொன்னாக நிற்கிறது, எதிர்க்கரையில் கொஞ்சம் தள்ளி அரண்மனை. அப்புறம், கீழ்த்தள ஏசி இருக்கை வேண்டவே வேண்டாம், கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும்.