நாலு மூலையும் கறுக்காமல்: வைட் லென்ஸில் ஃபில்டர் அடுக்கும் வழிகள், கொடைக்கானல் அனுபவத்தில்

போன கார்த்திகையில் ஒரு காலை, கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் மூடுபனி விலகுவதற்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி, ட்ரைபாடில் கேமராவை மாட்டிவிட்டு அதன் திரையையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, 16-ல வச்சா நாலு மூலையும் கறுப்பா வருது. லென்ஸ் போயிருச்சா?"

"லென்ஸுக்கு ஒண்ணும் ஆகலை தம்பி. மேல எத்தனை மாட்டியிருக்கீங்க?"

மூன்று ஃபில்டர் மாட்டியிருந்தார். அடியில் லென்ஸைக் காக்கும் யூவி, அதன் மேல் பளபளப்பை நீக்கும் போலரைசர், அதற்கும் மேல் ஒளியைக் குறைக்கும் என்டி. முதலில் யூவியைக் கழற்றினோம். 18 மி.மீ. குவியத் தூரத்தில் (எண் குறையக் குறையப் பார்வை விரியும்) படம் சுத்தமாகிவிட்டது. 16-இல் மட்டும் மூலைகளில் நகத்துண்டு அளவுக்குக் கறுப்பு மிஞ்சியது. அந்த நகத்துண்டை எப்படிப் போக்குவது என்று ஒவ்வொருவரும் ஒரு வழி சொல்வார்கள்: ஸ்லிம் ஃபில்டர் வாங்கு, ஸ்டெப்-அப் ரிங் போடு, சதுர ஹோல்டருக்கு மாறு, காந்த ஃபில்டர் எடு, ஃபில்டரே வேண்டாம். ஓரிரண்டைத் தவிர எல்லாவற்றையும் இந்த மலையில் பல வருடம் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் கறுப்பு ஏன் வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஜன்னலை ஒட்டி நின்றால் தெரு முழுக்கத் தெரியும். இரண்டடி பின்னால் வந்தால் ஜன்னல் சட்டம் தெருவின் இரண்டு ஓரத்தையும் மறைத்துவிடும். ஃபில்டர் அடுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு வளையமும் ஜன்னலை லென்ஸிலிருந்து தள்ளித் தள்ளி வைக்கிறது.

எவ்வளவு தள்ளினால் எவ்வளவு போகும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஃபுல் ஃபிரேம் (36 × 24 மி.மீ.) சென்சாரில் 16 மி.மீ. லென்ஸின் பார்வை, மூலைக்கு மூலை சுமார் 107 பாகை. அந்த விரிவில், அடுக்கின் உயரம் 1 மி.மீ. கூடினால் அதன் வாய் ஏறத்தாழ 2.7 மி.மீ. அகலமாக வேண்டும். 24-இல் 1.8 மி.மீ. போதும். 35-இல் 1.2 சொச்சம்தான். 35-இல் மூன்று ஃபில்டரைக் கண்டுகொள்ளாத லென்ஸ் 16-இல் இரண்டுக்கே முகம் சுளிப்பது இதனால்தான். அதைவிடச் சிறிய கிராப் சென்சார் கேமராவில் 10 மி.மீ. வைத்தாலும் இதே கணக்குதான் வரும். இந்த 2.7 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் யார் என்ன சொன்னாலும் இதை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

ஸ்லிம் ஃபில்டர்

எல்லோரும் முதலில் வாங்குவது இது. சாதாரண போலரைசரில் இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்று சுழலும், அதனால் அதுதான் அடுக்கில் உயரமானது. அதை ஸ்லிம்மாக எடுத்தால் 2 மி.மீ. மிச்சமானாலும் 16-இல் 5.4 மி.மீ. அகலம் கிடைத்த மாதிரி. ஒற்றை ஃபில்டர் போதும் என்பவர்களுக்கு இதைவிட எளிய தீர்வு இல்லை.

ஆனால் அடுக்குவதற்கு என்று வாங்கினால் இரண்டு சிக்கல். பல ஸ்லிம் வளையங்களில் முன்பக்கம் மரையே இருக்காது, அதன் மேல் இன்னொன்றை மாட்டவும் முடியாது, லென்ஸ் மூடியும் பிடிக்காது. இரண்டாவது, மெல்லிய அலுமினிய வளையங்கள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். வெள்ளி அருவியின் சாரலில், விரல் விறைத்துப்போன ஒரு ஜனவரிக் காலையில் எனக்கு அது நடந்தது. இரண்டு வளையமும் ஒட்டிக்கொண்டன. பிடிக்கப் பிடிக்க வளையம் கோணி இன்னும் இறுகியது. கடைசியில் ஒரு பெட்டிக்கடைக்காரர் தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். செருப்பின் அடிப்பாகத்தில் ஃபில்டரின் முகத்தைச் சமமாக அழுத்தி, கேமராவை மெதுவாகத் திருப்பினால் வந்துவிடும். விரலால் இரண்டு பக்கம் மட்டும் பிடிக்கும்போது வட்டம் நீள்வட்டமாகி மரை சிக்குகிறது. சமமாக அழுத்தினால் அது நடப்பதில்லை. பித்தளை வளையம் விலை கூடுதலானாலும் இந்தத் தொல்லை அதில் மிகக் குறைவு.

ஸ்டெப்-அப் ரிங்

பெரிய ஃபில்டரைச் சிறிய லென்ஸில் மாட்ட ஒரு வளையம். மலிவானது. பலரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் யோசனை இதுதான், பலரும் ஏமாறுவதும் இதில்தான்.

77 மி.மீ. மரையிலிருந்து 82-க்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாய் 5 மி.மீ. கூடுகிறது. 5-ஐ 2.7-ஆல் வகுத்தால் 1.85. அதாவது 16-இல் 1.85 மி.மீ. உயரத்துக்குத்தான் அது ஈடு. அந்த ரிங்கோ தன் பங்குக்கு ஏறத்தாழ 2 மி.மீ. உயரத்தைச் சேர்த்துவிடுகிறது. வரவும் செலவும் சரியாகப் போயிற்று! 24-இல் அதே ரிங் கொஞ்சம் லாபம் தரும். ஆனால் அங்கே நமக்குச் சிக்கலே இல்லையே.

தாண்டினால் பெரிதாகத் தாண்ட வேண்டும். கேனான் 10-18 எஸ்டிஎம் லென்ஸின் மரை 67 மி.மீ. அதில் 82-க்குப் போனால் 15 மி.மீ. கூடுகிறது, 5.5 மி.மீ. உயரத்துக்கு ஈடு. ரிங்கின் உயரம் போக, இன்னொரு மெல்லிய ஃபில்டருக்கு இடம் கிடைத்துவிடும். 77-இலிருந்து 95-க்குப் போனாலும் பலன் தெரியும், ஆனால் 95 மி.மீ. ஃபில்டர்களின் விலையும் எடையும் வேறு ரகம். ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்டெப்-அப் போட்டால் லென்ஸோடு வந்த ஹூட் மாட்டாது. காலைச் சூரியன் பக்கவாட்டில் அடிக்கும்போது தொப்பியை லென்ஸுக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சதுர ஹோல்டர்

இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன். பூம்பாறைச் சாலை வளைவில் விடிகாலையில் நின்றவர்களுக்குத் தெரியும். கீழே ஊரும், படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களும் இன்னும் நிழலில் இருக்கும். மேலே வானம் வெளுத்துவிட்டிருக்கும். இரண்டுக்கும் மூன்று நான்கு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). வானத்துக்கு அளவெடுத்தால் ஊர் கரிக்கட்டை, ஊருக்கு அளவெடுத்தால் வானம் வெள்ளைத்தாள். பாதி கறுத்து பாதி தெளிந்த கிராட் ஃபில்டர் இதற்காகவே பிறந்தது. அதை மேலும் கீழும் நகர்த்த வேண்டும் என்பதால் வட்ட ஃபில்டரில் அது சரிவராது. 100 × 150 மி.மீ. செவ்வகக் கண்ணாடியும் அதைத் தாங்கும் ஹோல்டரும் வேண்டும்.

மூலைக் கறுப்பைப் பொறுத்தவரை 100 மி.மீ. ஹோல்டர் பெரும்பாலான 16-35 லென்ஸ்களில் நிம்மதி. வாய் பெரிது, கண்ணாடி ஒவ்வொன்றும் 2 மி.மீ. தடிமன்தான். பார்க்க வேண்டியது போலரைசர் எங்கே உட்காருகிறது என்பதை. பழைய வகை ஹோல்டர்களில் எல்லாவற்றுக்கும் முன்னால், பெரிய வளையமாக மாட்டுவார்கள். 16-இல் அது நிச்சயம் மூலையைக் கடிக்கும். புதிய வகைகளில் ஹோல்டருக்குப் பின்னால், லென்ஸை ஒட்டி உட்கார்ந்து, ஓரத்துப் பல்சக்கரத்தால் சுழலும். இந்த இரண்டாவது வகையை மட்டும் வாங்குங்கள். வட்ட அடுக்கில் போலரைசருக்கு மேல் எதை மாட்டினாலும், போலரைசரைத் திருப்பும்போது அதுவும் சேர்ந்து திரும்பும். என்டியானால் கேடில்லை, கிராட் என்றால் வானத்துக் கறுப்பு சாய்ந்துவிடும். இந்த ஹோல்டரில் அந்தக் கவலை கிடையாது.

கிராட் வாங்கும்போது ஹார்டா சாஃப்டா என்று கேட்பார்கள். கறுப்பு சட்டென்று முடிந்தால் ஹார்ட், மெல்ல மங்கினால் சாஃப்ட். இந்தப் பழனி மலைத்தொடருக்கு சாஃப்ட். கடற்கரையில் அடிவானம் நேர்கோடு, அங்கே ஹார்ட் சரி. தூண் பாறையில் 400 அடிப் பாறைகள் வானத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஹார்ட் கிராட் போட்டால் பாறைகளின் தலை மட்டும் வெட்டிவிட்டாற்போல் இருண்டுபோகும்.

இனி குறை. மூடுபனி நகரும் இடத்தில் ஹோல்டரின் இடுக்குகளில் ஈரம் புகுந்து, கண்ணாடியின் இரண்டு முகத்திலும் படியும். துடைக்க ஒவ்வொன்றாக உருவ வேண்டும். துடைத்து முடிப்பதற்குள் ஒளி போய்விடும். ஜூன், ஜூலை சாரலில் நான் ஹோல்டரை எடுப்பதே இல்லை.

முன்கண்ணாடி பிதுங்கிய லென்ஸ்களுக்கு, உதாரணமாக 2007-இல் வந்த நிக்கான் 14-24 எஃப்/2.8-க்கு, முன்பக்கம் மரையே கிடையாது. 150 மி.மீ. ஹோல்டர்தான் வழி. தோளில் சுமந்து வட்டக்கானல் இறங்கி ஏற மனசிருந்தால் சரி.

காந்த ஃபில்டர்

அடி வளையம் ஒன்றை லென்ஸில் மாட்டிவிட்டால் மற்றவை காந்தத்தில் 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். மரை இல்லாததால் உயரம் குறைவு, இறுகும் பேச்சே இல்லை. விறைத்த விரலால், கையுறையோடுகூட மாற்றலாம். மழைத்துளி விழுந்தால் ஒரு நொடியில் எடுத்துத் துடைத்துத் திரும்ப வைக்கலாம். இந்த மலையின் வானிலைக்கு வட்ட ஃபில்டரில் இதைவிடப் பொருத்தம் வேறில்லை என்பேன்.

பயம் ஒன்றே ஒன்று. பக்கவாட்டில் இடித்தால் கழன்று விழும். டால்பின் நோஸ் பாறை விளிம்பில் விழுந்தால் அதோடு போயிற்று. அங்கெல்லாம் விளிம்புக்கு வருவதற்கு முன்பே மாட்டிவிட்டு, பிறகு தொடுவதில்லை.

பின்பக்கம் செருகுவது

கேனான் ஆர் வகை மிரர்லெஸ் கேமராவில் பழைய இஎஃப் லென்ஸ் போடுபவர்களுக்கு, ஃபில்டர் செருகும் அடாப்டர் ஒன்று இருக்கிறது. ஃபில்டர் லென்ஸுக்குப் பின்னால் போய்விடுவதால் மூலைக் கறுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. என் கேமரா வேறு, அதனால் இதை நான் பயன்படுத்தியதில்லை. அந்த ஜோடி உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் மேலே சொன்ன எதையும் வாங்க வேண்டாம்.

ஃபில்டரே இல்லாமல்

மென்பொருளில் எல்லாம் முடியும் என்பது பாதி உண்மை. என்டி வேலையை முடிக்கலாம். 16 படங்களைத் தொடர்ச்சியாக எடுத்துச் சராசரி எடுத்தால் 4 ஸ்டாப் என்டி போட்ட மாதிரித் தண்ணீர் வழுக்கும். கிராட் வேலையை இரண்டு மூன்று அளவில் எடுத்து இணைத்துச் செய்யலாம், ஆனால் படத்துக்குப் படம் மூடுபனி நகர்ந்துவிடுவதால் இணைப்பில் பேய் போல இரட்டை விளிம்பு வரும். போலரைசர் வேலையை எந்த மென்பொருளும் செய்யாது. சோலைக்காட்டு ஈர இலையின் மேல் படியும் வெள்ளைப் பளபளப்பை நீக்கி அடியிலிருக்கும் பச்சையை எடுத்துக் கொடுப்பது அது ஒன்றுதான்.

மூலைக் கறுப்பையும் மென்பொருளில் சரிசெய்யலாமே என்பார்கள். லென்ஸின் இயல்பான ஓரமங்கலைச் சரிசெய்யலாம். வளையம் மறைத்த இடத்தில் ஒளியே விழவில்லை, எதைத் தூக்கி வெளுப்பது? வெட்டித்தான் ஆக வேண்டும். 16-இல் எடுத்து 18 அளவுக்கு வெட்டினால் 24 மெகாபிக்சலில் சுமார் 19 மிஞ்சும். அதற்கு எடுக்கும்போதே 18-க்குத் திருப்பிவிடலாம்.

எத்தனை ஃபில்டர்தான் தேவை?

என் அனுபவத்தில் அடுக்குபவர்கள் பலர் தேவைக்கு மேல் அடுக்குகிறார்கள். வெள்ளி அருவியில் நிழல் நேரத்தில் ஐஎஸ்ஓ 100, எஃப்/11 வைத்தால் எனக்கு 1/15 நொடி கிடைக்கும். போலரைசர் ஒன்றரை ஸ்டாப் தின்றால் 1/5. தண்ணீர் நூலாக விழ அதுவே போதும். 8 மடங்கு என்டி (ஒளியை எட்டில் ஒன்றாக்குவது) சேர்த்தால் 1.6 நொடி, தண்ணீர் பட்டாகிவிடும். 1000 மடங்கு என்டியைச் சேர்த்தால் மூன்று நிமிடத்துக்கு மேல், அதற்குள் மரக்கிளையெல்லாம் ஆடி அழிந்திருக்கும். போலரைசரும் 64 மடங்கு என்டியும் ஒரே வளையத்தில் சேர்ந்த ஃபில்டர்களும் கிடைக்கின்றன. வேறெந்த வித்தையும் இல்லாமல் ஒரு வளையத்தின் உயரம் குறைகிறது.

வேரியபிள் என்டியை மட்டும் வைட் லென்ஸில் தவிர்த்துவிடுங்கள். உள்ளே இரண்டு போலரைசர்கள். இருட்டைக் கூட்டும்போது படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கறை விழும். அதேபோல், நீல வானம் நிறைய இருக்கும் 16 மி.மீ. சட்டகத்தில் போலரைசரைப் போட்டால் சூரியனுக்குச் செங்குத்தான திசையில் மட்டும் வானம் பட்டையாகக் கறுக்கும். அது மூலைக் கறுப்பைவிட அசிங்கம், எந்த ஹோல்டராலும் தீராது.

இப்போது என் பையில் இருப்பது: காந்த போலரைசர், 8 மடங்கு காந்த என்டி. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விடியலுக்குப் போகும் நாளில் மட்டும் 100 மி.மீ. ஹோல்டரும் ஒரு 3 ஸ்டாப் சாஃப்ட் கிராடும். யூவி வீட்டில். கையில் காசு குறைவு என்றால் காந்தமும் வேண்டாம், ஸ்லிம் போலரைசர் ஒன்றே போதும், மீதியைப் படங்களை அடுக்கிச் செய்துகொள்ளலாம்.

குளிரில் நின்ற கேமராவோடு டீக்கடைக்குள் நுழைந்தால் ஆவி இரண்டு ஃபில்டருக்கு நடுவிலும் படியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போவதற்கு முன் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள்.

அந்தத் தம்பிக்கு அன்று செய்து காட்டியது இதுதான். எதிரே மூடுபனி வெள்ளைச் சுவர் மாதிரி ஒரே சீராக நின்றது. மூலையைச் சோதிக்க அதைவிட நல்ல திரை கிடையாது. எஃப்/11 வைத்தோம். லென்ஸின் துளை பெரிதாக இருக்கும்போது கறுப்பு மங்கலாகக் கரைந்து கண்ணுக்குத் தப்பிவிடும், சுருக்கினால்தான் விளிம்பு கூர்மையாகத் தெரியும். 16-இல் தொடங்கி ஒவ்வொரு மி.மீ.-ஆகத் திருப்பி ஒவ்வொரு படம். ஒரு ஃபில்டர், இரண்டு, மூன்று என்று மூன்று சுற்று. அறைக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, லென்ஸ் மூடியின் உள்பக்கம் ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டி, பேனாவில் எழுதிக்கொண்டார்: ஒன்று 16, இரண்டு 18, மூன்று 21.